மழை பொய்த்த காரணம் கேட்ட பண்டிதர்

இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிற் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டைத் தமிழ் கற்றோர் பலரும் அறிவர். 1818ஆம் ஆண்டு சென்னையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபொழுது, பிரான்சிசு வைட் எல்லீசு என்னும் ஆங்கில அதிகாரி நகரில் 27 கிணறுகளை வெட்டுவித்தார். அச்செய்தியைக் கூறும் கல்வெட்டில், நீர்வளத்தை நாட்டின் உறுப்பாகச் சொல்லும் திருக்குறள் எடுத்தாளப்பட்டுள்ளது. அயல்நாட்டார் ஒருவர் குறளில் தோய்ந்த பெருமையைப் பட்டிமண்டபங்களில் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். அக்கிணறுகளில் எவர் குடம் இறங்கியது, எவர் குடம் இறங்கவில்லை என்ற வினாவை மட்டும் எழுப்பியதில்லை.

அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் சமையற் பணியில் இருந்தவர். அவர் வீட்டிலிருந்த குறள் ஏடும் நாலடியார் ஏடும் ஆரிங்டன் வழியாக எல்லீசின் கைக்குச் சென்றன என்று பண்டிதர் எழுதியுள்ளார். ஏடு பெரிய இடம் வரை போயிற்று. ஏட்டைக் காத்த மக்கள் ஊர்ப் பொதுக்கிணற்றங்கரை வரை கூடப் போக முடியவில்லை. பண்டிதரின் வாழ்க்கையை இம்முரணிலிருந்தே தொடங்குவது முறை.

அவர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியைப் பிறப்பிடமாகக் கூறுவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். குடும்பம் நீலகிரிக்குப் பெயர்ந்ததால் இளமையும் நடுவயதின் பெரும்பகுதியும் மலையில் கழிந்தன. தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் பயின்றார். 1870களில் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். எல்லா உயிரும் ஒன்றே என்று கூறும் அத்வைதம் சாதியைக் கரைத்துவிடும் என்று அந்நாளில் நம்பியிருப்பார் போலும். அந்நம்பிக்கை நெடுநாள் நிற்கவில்லை.

அவர் முப்பது வயதைத் தாண்டிய காலத்தில் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் தாக்கியது. தாது வருடப் பஞ்சம் என்று ஊர்ப்புறங்களில் இன்றும் பேசப்படும் அது, 1876 முதல் 1878 வரை நீடித்துப் பல இலட்சம் மக்களைக் கொன்றது. நிவாரணப் பணிக்கு வந்த ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று 1877இல் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே சென்னைக் கடற்கரையிலிருந்து தானியம் கப்பலேறியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. மயிலாப்பூரில் வாழும் நாம் நாள்தோறும் கடக்கும் அந்தக் கறுத்த நீரும், அதன் நடுவே தூண்கள் ஊன்றி நிற்கும் பறக்கும் இரயிலும், பசித்த மனிதர் மண்வெட்டி பிடித்த குழியின் மேல் அமைந்தவை. கரையோரக் குடிசைவாசிகளைப் பின்னாளில் நகரம் தனக்குப் புறத்தே கொண்டுபோய்க் குடியேற்றியபோது, அவ்விடங்களுள் ஒன்றிற்குக் கண்ணகி நகர் என்று பெயரிட்டது. பெயரிட்டவர் சிலப்பதிகாரத்தை நினைத்திருப்பாரா என்பது என் ஐயம்.

அப்பஞ்சத்தில் முதலில் விழுந்தவர் நிலமற்ற உழவுத் தொழிலாளரே. நெல்லை விளைவித்தவன் வீட்டிலேதான் நெல் முதலில் தீர்ந்தது. வானம் பொய்த்தது என்பது உண்மை. ஆனால் வானம் எல்லார்க்கும் பொய்த்திருக்க, சாவு மட்டும் ஏன் சேரியைத் தேடி முந்தி வந்தது? பண்டிதரின் பிற்காலச் சிந்தனையை இயக்கிய வினா இதுவே என்பது என் துணிபு.

பஞ்சத்தை அறத்தோடு இணைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. கொடுங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் மன்னனின் முறைதவறலையும் மழையின்மையையும் ஒருசேர வைத்தார். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, கோவலன் கொலைக்குப்பின் பாண்டிநாடு மழைவறங் கூர்ந்து வறுமையும் நோயும் உற்றதைச் சொல்கிறது. ஆயினும் அங்குக் கழுவாய் என்ன? கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான்; விழா எடுத்தான்; மழை பெய்தது. ஒரு பொற்கொல்லன் சொன்ன பொய்க்கு ஆயிரம் பொற்கொல்லர் உயிர்! அந்த ஆயிரவருக்காக எந்தக் கண்ணகியும் சிலம்பை ஏந்தி வரவில்லை. காப்பிய வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவியர் முகத்தில் எழும் கேள்விக்கு உரையாசிரியர் எவரும் எனக்குத் துணைவரவில்லை.

இவ்விடத்தில் எபிரேய நாட்டைச் சற்று நினைத்துக்கொள்வது பொருந்தும். விவிலியத்தின் பழைய பகுதியிலும் இத்தகைய கதை ஒன்றுண்டு. தாவீதின் காலத்தில் மூன்றாண்டுப் பஞ்சம் வந்தது; முந்தைய அரசன் சவுல் கிபியோனியருக்குச் செய்த கொடுமையே காரணம் எனப்பட்டது; சவுலின் வழிவந்த ஏழுபேர் தூக்கிலிடப்பட்டனர். அங்கும் பிழை அரசனுடையது. கழுவாய் பிறர் உயிர். ஆனால் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோசு என்ற ஒருவர் தோன்றியபின் பேச்சின் திசை மாறியது.

ஆமோசு தெக்கோவா என்னும் ஊரில் மந்தை மேய்த்தவர். காட்டத்தி மரங்களைப் பேணியவர். குருகுலம் எதிலும் பயின்றவரல்லர். இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட வடநாடு அப்போது செல்வத்தில் திளைத்தது. தந்தக் கட்டில்களும் கோடை மாளிகைகளும் பெருகின. ஆமோசு அரசனை மட்டும் குற்றஞ்சாட்டவில்லை. கள்ளத் தராசு பிடித்த வணிகரையும், பதர் கலந்து விற்றவரையும், ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழையை வாங்கியவரையும், அவ்வேழையின் பொருளில் விருந்துண்ட மாளிகைப் பெண்டிரையும் கூண்டில் நிறுத்தினார். ஓர் ஊரில் மழையும் மறு ஊரில் வறட்சியும் வந்ததை எச்சரிக்கையாக எடுத்துக் காட்டினார். பலியும் பண்டிகையும் பாட்டும் நியாயத்துக்கு ஈடாகா என்று மறுத்தார். பெத்தேல் கோயிலின் ஆசாரியன் அமத்சியா அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சில பத்தாண்டுகளில் அசீரியர் வந்தனர், கி.மு. 722 அளவில் சமாரியா வீழ்ந்தது. அவர் வழியில் ஓசியா, மனிதரின் கொடுமையால் நிலம் புலம்புவதையும் விலங்கும் பறவையும் மீனும் அழிவதையும் கண்டார். வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொள்வோரின் திராட்சைத் தோட்டங்கள் விளைச்சல் குன்றும் என்றார் ஏசாயா. குருதியால் கட்டப்பட்ட நகரம் உழப்படும் வயலாகும் என்றார் மீகா.

நம் வட்டத்துக் கவிஞர்கள் தீர்க்கதரிசி என்ற சொல்லைப் பாராட்டுரைகளில் தாராளமாக வழங்குகிறார்கள். அச்சொல் வருங்காலம் உரைக்கும் சோதிடரைக் குறிப்பதாகவே பலரும் கருதுகிறோம். எபிரேயத் தீர்க்கதரிசிகள் நிகழ்காலத்தைப் படித்தவர்கள். இன்று சந்தையில் நடக்கும் ஒரு சிறு அநீதி நாளை எங்கெங்கே போய் முளைக்கும் என்று கணக்கிட்டவர்கள். அப்பொருளில் இச்சொல்லுக்கு உரிய தமிழர் ஒருவரைக் கேட்டால் நான் அயோத்திதாசரையே சொல்வேன். அவர் ஆமோசிடமிருந்து இதைக் கற்றார் என்பது என் கருத்தன்று. அவர் இறுதியில் சேர்ந்த சமயத்தில் தண்டனையாக வறட்சியை அனுப்பும் இறைவனுக்கு இடமே இல்லை. இருவேறு வேர்களிலிருந்து ஒரே கனி பழுத்தது என்பதே வியப்பு.

இனி வாழ்க்கைக்குத் திரும்புவோம். 1885இல் அருட்டிரு ஜான் இரத்தினத்தோடு சேர்ந்து திராவிட பாண்டியன் என்ற இதழை நடத்தினார். 1891 திசம்பர் 1ஆம் நாள் உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கு நிறைவேறிய பத்துத் தீர்மானங்களைப் படிக்கும்போது, ஒரு மருத்துவர் நோயாளியின் உடலைத் தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்த நிதானம் தெரிகிறது. கல்வி, அரசுப் பணி, ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கும் உரிமை, அலுவலகங்களுள் நுழையத் தடையின்மை, இழிபெயரால் அழைப்பதை நிறுத்துதல் எனப் பட்டியல் விரிகிறது. அது பேராயக் கட்சி உள்ளிட்ட அமைப்புகளுக்கு அனுப்பப்பட்டது.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு நீலகிரிப் பேராளராக வந்தார். சிவன் கோயிலும் திருமால் கோயிலும் எம்மக்களுக்குத் திறக்குமா என்று கேட்டார். அவையில் கூச்சல் எழுந்தது. தஞ்சையிலிருந்து வந்த சாஸ்திரியார் ஒருவர், உங்களுக்கென்று சிறுதெய்வங்கள் இருக்க இத்தெய்வங்கள் எதற்கு என்னும் பொருள்பட மறுமொழி கூறினார். காத்தவராயன் என்ற சிறுதெய்வத்தின் பெயரோடு பிறந்தவர் காதில் அம்மறுமொழி எப்படி விழுந்திருக்கும்! பண்டிதர் வாதாடவில்லை. அத்தெய்வங்கள் எமக்கு வேண்டா என்று அங்கேயே விட்டுவிட்டு, ஊர்தோறும் இலவசப் பள்ளியையும் தரிசு நிலத்தையும் கேட்டார். அவற்றுக்கு அவை இசைந்தது. வழிபாட்டை விட்டுச் சட்டென நிலத்துக்கு வந்த அந்தத் திருப்பத்தில்தான் அவருடைய பிற்கால வாழ்வு முழுதும் அடங்கியிருக்கிறது.

தரிசு நிலம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர், பறையர்களின் நிலைபற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். மிராசுதாரர்களின் முன்னுரிமை காரணமாக, தரிசுக்கு விண்ணப்பிக்கும் உழைப்பாளியின் மனு எவ்வாறு தோற்கடிக்கப்படுகிறது என்பதை அது விளக்கியது. தாமும் உழாமல், உழுபவனுக்கும் விடாமல் வைத்திருக்கும் நிலம். 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணை அம்மக்களுக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது; பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதனையே. அந்நிலங்கள் பின்னர் கைமாறிய கதை நீண்டது. அதே மாவட்டத்துக் காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபரில் எழுந்த போராட்டத்தில், செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூடு இரண்டு உயிர்களைக் கொண்டது. அறிக்கைக்கும் குண்டுக்கும் இடையே நூற்று மூன்று ஆண்டுகள்.

அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த கர்னல் ஆல்காட், 1894இல் ஊரூரில் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கத்திலும் தேனாம்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. மயிலைப் பள்ளி திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. (இன்று துணிக்கடைகள் நெருங்கிய தியாகராய நகர் அப்போது ஏரி, நகராக அது 1920களில்தான் உருவெடுத்தது.) 1898இல் பண்டிதர் ஆல்காட்டோடும் ஆசிரியர் கிருஷ்ணசாமியாரோடும் இலங்கை சென்றார். கொழும்பில் சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். அதே ஆண்டில் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956இல். இடையில் ஐம்பத்தெட்டு ஆண்டுகள்.

மதமாற்றம் என்ற சொல்லைப் பண்டிதர் ஏற்கமாட்டார். தம் முன்னோர் சாதியற்ற பௌத்தராக இருந்தனர், பகைவரால் தாழ்த்தப்பட்டனர், ஆதலால் இது வீடு திரும்புதலே என்பது அவர் நிலை. இக்கருத்தை நிறுவ இந்திரர் தேச சரித்திரம் எழுதினார். திருக்குறளைத் திரிக்குறள் என்று கொண்டு, புத்தரின் முப்பிடகத்தோடு சார்த்தினார். ஔவையின் ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் புதுவுரை கண்டார். இவற்றிற் பல சொல்லாராய்ச்சிகளை மொழியியல் ஏற்காது. வரலாற்றுச் சான்றும் பல இடங்களில் துணை நிற்காது. நானும் ஏற்கவில்லை. ஆனால் வரலாறே மறுக்கப்பட்ட மக்களிடம் வரலாற்று முறையியலைக் கேட்பதற்கு முன், வள்ளுவரின் பிறப்புப் பற்றி நம் புலவர்கள் கட்டிய கதைக்கு என்ன சான்று கேட்டோம் என்பதையும் நினைக்க வேண்டும். அறிவுள்ளவன் பிறந்தால் அவனுக்கு ஒரு பார்ப்பனத் தந்தையைக் கற்பிக்கும் அக்கதையைப் பண்டிதர் உறுதியாக மறுத்தார். மயிலையில் வள்ளுவர் கோயிலைச் சுற்றி வாழும் நம்மிற் பலர் அக்கதையை இன்னும் பாட்டியிடம் கேட்டபடியே சொல்லிவருகிறோம்.

இராயப்பேட்டையில் அவருக்கு வாழ்வளித்தது சித்த மருத்துவம். சிறுவயதில் உடல் முடங்கிக் கிடந்த திரு.வி.க.வுக்கு அவர் மருத்துவம் செய்தார்; தமிழ் உரைநடையின் தென்றல் அக்கையால் எழுந்து நடந்தது. மருத்துவரிடம் நோயின் இடமும் நோயின் காரணமும் வேறுவேறு என்ற தெளிவு இருக்கும். தலைவலிக்குக் குடலைப் பார்ப்பவர்கள் அவர்கள். பண்டிதர் நாட்டின் பஞ்சத்தையும் கொள்ளை நோயையும் அவ்வாறே பார்த்தார்.

1907 சூன் 19, புதன்கிழமை, ஒரு பைசாத் தமிழன் என்ற வார இதழ் இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. ஓராண்டுக்குப்பின் பைசாவை உதறித் தமிழன் ஆனது. அவர் மறையும்வரை, ஏறத்தாழ ஏழாண்டுகள், வாரந்தவறாமல் எழுதினார் எனலாம். சமயம், வரலாறு, மருத்துவம், அரசியல், உழவு, வாசகர் கடிதம் அனைத்தும் அதில் இருந்தன. கோலார் தங்கவயல், இரங்கூன், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களிலும் அதற்கு வாசகர் இருந்தனர். சங்கத்தின் கிளைகளும் அவ்விடங்களில் இருந்தன. அவ்வரைபடத்தை உற்று நோக்குக. பஞ்சமும் பண்ணையடிமையும் துரத்திய மக்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தனரோ, அங்கெல்லாம் தமிழனும் போயிற்று.

அவ்விதழில் அவர் எழுதியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு சங்கிலி புலப்படும். பண்ணையாளுக்கு அரைவயிற்றுக் கூலி. ஊர்க்கிணறு மறுக்கப்படுவதால் அவன் குடிப்பது கலங்கிய குட்டை நீர். அந்நீரால் நோய். நோயுற்றவனால் ஏர்பிடிக்க இயலாது; இயன்றவனும் கொடுமை தாளாமல் கப்பலேறிவிடுகிறான். நிலவுரிமை உடையவருக்கு உழத் தெரியாது. உழுவது இழிவு என்றும் எண்ணம். நிலம் கரம்பாகிறது, விளைச்சல் குன்றுகிறது, நகரில் விலை ஏறுகிறது. சேரிக்கு மறுக்கப்பட்ட ஒரு குடம் நீர் இறுதியில் ஊரார் அனைவரின் உலையிலும் அரிசியைக் குறைக்கிறது. இதில் மந்திரம் இல்லை, தெய்வக்குற்றம் இல்லை. கருணை அற்ற நாட்டில் மழையும் குன்றும் என்ற பழைய நம்பிக்கையையும் அவர் விட்டுவிடவில்லை. ஆனால் அந்நம்பிக்கைக்கு அடியில் கணக்கு ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

இதனால் நம் மரபில் அவர் செய்த மாற்றம் பெரிது. செங்கோல் வளைந்தால் மழை பொய்க்கும் என்றது இலக்கியம். பழி அரண்மனையோடு நின்றது. அவரோ அப்பழியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். கிணற்றங்கரையில் குடத்தைத் தள்ளிய கை, கூலியளக்கும் மரக்காலில் குறைத்த கை, பள்ளித் திண்ணையில் சிறுவனை எழுப்பிவிட்ட கை என ஊராரின் கைகளை எண்ணினார். இன்னொன்றும் செய்தார். துன்புறுபவனின் முற்பிறப்பே அவன் துன்பத்துக்குக் காரணம் என்று வினைக் கொள்கையைக் கொண்டு நூற்றாண்டுகளாக ஏழையின் வாயை அடைத்திருந்தோம். பௌத்தரான அவர் அதே வினையைத் திருப்பி வைத்தார். கொடுமையின் பயன் கொடுமை செய்தோரையும் அவர்தம் நாட்டையும் சூழும் என்றார். ஆமோசின் இறைவன் செய்ததை இங்கே வினை செய்தது.

அது சுதேசி இயக்கம் கொதித்த காலம். பாரதியாரின் இந்தியா இதழும் தமிழனும் ஏறத்தாழ ஓராண்டு இதே நகரில் ஒருங்கே வெளிவந்தன. சகோதரனுக்குத் தண்ணீர் மறுப்பவர் தமக்குத் தன்னாட்சி கேட்பது எவ்வறம் என்ற கேள்வியைப் பண்டிதர் விடாது எழுப்பினார். தேசபக்தர்கள் சினந்தனர். ஆங்கில அரசை அவர் பெரிதும் நம்பினார் என்பதும் உண்மையே. தானியத்தைக் கப்பலேற்றிய அரசின்மீது அவர் எழுத்தில் காணும் கண்டனம், சாதியின்மீது காணும் கண்டனத்தை நோக்க மென்மையானது. அசீரியனைக் கோபத்தின் கோல் என்ற ஏசாயா, அக்கோலின் செருக்கையும் ஒடிக்காமல் விடவில்லை. இங்கே பண்டிதர் ஒரு படி குறைந்தே நிற்கிறார்.

அதனினும் வருத்தம் தரும் குறை மற்றொன்று. தாழ்ந்தோர் வேறு, தாழ்த்தப்பட்டோர் வேறு என்று பிரித்துச் சொன்னது அவருடைய கூரிய பங்களிப்பு. இயல்பில் எவரும் தாழ்ந்தவரல்லர், பிறரால் தாழ்த்தப்பட்டனர் என்ற அரசியல் அதிலிருந்தே விளைந்தது. ஆனால் தோட்டி, சக்கிலியர், குறவர், வில்லியர் முதலியோரை அவர் தாழ்த்தப்பட்டோருள் சேர்க்காமல் முன்னைய வகையிலேயே நிறுத்தினார். தம் மக்களுக்காகக் கேட்ட நியாயத்தை, கழிவள்ளும் கைகளுக்கும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையின் சாக்கடைக் குழிகளில் இறங்கி நச்சுக்காற்றில் மாண்டவர் செய்தி நம் நாளிலும் வந்துகொண்டிருக்க, இதனைக் காலத்தின் குறை என்று எளிதாகக் கடந்துவிட என்னால் இயலவில்லை. அவருடைய அளவுகோல் சரியானது. அதை அவரே முழுதாக நீட்டவில்லை.

இல்வாழ்க்கைத் துணைவி தனலட்சுமி, இரட்டைமலை சீனிவாசனின் உடன்பிறந்தவர். 1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். குறளுக்கு எழுதிவந்த உரை நூல் முழுமைக்கும் முற்றுப்பெறாமல் நின்றது. மகன் பட்டாபிராமன் சிறிதுகாலம் தமிழனை நடத்தினார். பின்னர் 1926இல் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பினார். பூமிக்கடியில் உழைத்த சுரங்கத் தொழிலாளர் அதற்கு ஆதரவாக நின்றனர். தமிழ்த்துறைகளோ அவரை ஏறக்குறைய மறந்தன. என் முதுகலைப் பாடத்திட்டத்தில் அவர் பெயர் ஒருமுறையும் வரவில்லை. ஞான. அலாய்சியசு தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து இரு தொகுதிகளாக வந்தபின்பே நம்மவர் அவரைப் படிக்கத் தொடங்கினர். 2005இல் அஞ்சல் தலை வெளியாயிற்று. தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைப் பெற்றது. 2023 திசம்பர் 1ஆம் நாள் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அடையாற்றிலிருந்து நடந்தே போகலாம்.

அவர் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் எவற்றிலும் எச்சாதியாரையும் தடுக்கலாகாது என்ற தீர்மானத்தை அவர் 1924 ஆகஸ்டில் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. 1925 பிப்ரவரியில் அரசிதழில் வெளியாயிற்று. உதகையில் பண்டிதர் அதே கிணற்றைக் கேட்டு முப்பத்து மூன்று ஆண்டுகளும், அவர் மறைந்து பத்தாண்டுகளும் கழிந்திருந்தன.